நிறம், சுவை, மணம்

அரபி மதரஸாவில் ஓதப் புகும் சிறுவன் ஃபிக்ஹு எனும் சட்டக்கலையில் முதன்முதலாகக் கற்பது தொழுகையைப் பற்றியன்று, தண்ணீரைப் பற்றியே. கிதாபைத் திறந்ததும் அவன்முன் நிற்பது 'தஹாரத்' என்னும் தூய்மைப் பாடம். எந்நீர் தூயது, எந்நீர் தூய்மை கெட்டது என்று அறிந்த பின்னரே ஒளு. ஒளுவுக்குப் பின்னரே தொழுகை. அப்பாடத்தில் அவன் மனனம் செய்யும் சொற்கள் மூன்று: லவ்ன், தஃம், ரீஹ். அதாவது நிறம், சுவை, மணம். ஷாஃபிஈ மத்ஹபின்படி இரண்டு 'குல்லத்' அளவை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டரை, எட்டிய நீரில் அசுத்தம் விழுந்தாலும் இம்மூன்றில் ஒன்று மாறாதவரை அந்நீர் தூயதே. ஹனஃபிப் பெரியோர் பெருநீரின் எல்லையை வேறு வகையாகக் கணித்தனர்; ஆயினும் மாற்றத்தை அறியும் அடையாளங்கள் அவர்களுக்கும் இவையே.

இப்பாடத்தைப் பல்லாண்டு ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்த நமக்கு, இது குறித்து ஓர் எண்ணம் எழுந்த இடம் கவுஞ்சி. பழனி மலைத்தொடரின் மேல்மலையில், பூம்பாறையையும் மன்னவனூரையும் அடுத்துள்ள சிற்றூர் அது. படிப்படியாக வெட்டிய சரிவுகளில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இப்பகுதியின் விளைச்சலேயாகும். அங்கே அஸர் தொழுகைக்காக ஓர் ஓடையில் ஒளுச் செய்யக் குனிந்தோம். நீர் பளிங்கு போன்றிருந்தது. நிறத்தில் மாற்றமில்லை, மணமில்லை, வாய் கொப்புளித்தபோது சுவையிலும் வேறுபாடில்லை. கிதாபின்படி ஐயத்துக்கே இடமில்லாத நீர். அப்போது வரப்பில் நின்ற முதிய விவசாயி ஒருவர், "கையக் கால நல்லா கழுவிக்கிடுங்க பாய். குடிக்க மட்டும் செய்யாதீங்க. மேல நேத்துத்தான் மருந்து அடிச்சிருக்கு" என்றார்.

அந்த ஒரு சொல் நம்மைப் பல நாள் வரலாற்று நூல்களைப் புரட்ட வைத்தது. மனிதன் மண்ணையும் நீரையும் காற்றையும் மாசுபடுத்துவது புதிதன்று. பண்டும் செய்தான், இன்றும் செய்கிறான். ஆனால் அன்றைய மாசுக்கும் இன்றைய மாசுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு நேர்ந்துவிட்டது. அது யாது, அஃது எவ்வழியே வந்தது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டையோர் புகை

நெருப்பைக் கண்ட நாளே மனிதன் புகையையும் கண்டான். எகிப்தில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடம் செய்து வைக்கப்பட்ட உடல்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் நுரையீரல்களில் கரி படிந்திருக்கக் கண்டனர். அடுப்பும் விளக்கும் மூடிய அறையுமே அதற்குக் காரணம். நம் பழனி மலையிலும் தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய கற்பதுக்கைகள் இன்றும் நிற்கின்றன. அவர்களும் விறகெரித்திருப்பர், வேட்டை விலங்கின் தோலை உரித்திருப்பர், எச்சத்தை ஓடைக்கரையில் எறிந்திருப்பர். அவர்கள் விட்டுச்சென்ற கற்கள் நிற்கின்றன. எறிந்த எச்சம் எஞ்சவில்லை. புகையை மழை கழுவியது. ஊனை மண் தின்றது.

நம் ஃபகீஹுகள் இவ்வியல்பை நன்கு அறிந்திருந்தனர். அசுத்தத்தால் மாறிய பெருநீரில் அம்மாற்றம் காலப்போக்கில் தானே நீங்கிவிடுமானால், அந்நீர் மீண்டும் தூய்மையாகிவிடும் என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. இறைவன் படைத்த நீருக்கும் மண்ணுக்கும் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் ஆற்றல் உண்டு என்பது அச்சட்டத்தின் உட்கிடை. அன்றைய மாசு பெரும்பாலும் அவ்வாற்றலுக்குள் அடங்கியது.

ஆனால் பூமிக்கடியில் கிடந்த உலோகங்களை மனிதன் தோண்டி எடுத்து உருக்கத் தொடங்கியபோதே இதற்கு விலக்கும் தோன்றிவிட்டது. வெள்ளிக்காக ஈயத்தாதுவை உருக்கிய கிரேக்கரும் ரோமரும் எழுப்பிய ஈயப்புகை வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்துப் பனியில் படிந்தது. 1994இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் உறைந்த அப்பனியில் ஈயம் இயற்கை அளவைப்போல நான்கு மடங்கு இருந்ததை எடுத்துக்காட்டியது. ரோமாபுரியின் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ், ஈயக் குழாயில் வரும் நீரைவிட மண்குழாயில் வரும் நீரே உடலுக்கு நல்லதென்று எழுதிவைத்தார். ஈயம் வார்க்கும் தொழிலாளரின் வெளிறிய மேனியே அவருக்குச் சான்றாயிற்று. தன் ஊர்த் தொழிலாளியின் நிறமாற்றத்தை அவர் கண்டார். கிரீன்லாந்துப் பனியை அவரால் காண முடிந்திருக்காது. கண்ணுக்கெட்டாத தொலைவில் போய்ப் படியும் மாசுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

முஹ்தஸிபின் கண்

இஸ்லாம் தோன்றிய பாலைநிலத்தில் தண்ணீர் உயிருக்கு நிகர். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறை, மக்கள் நடக்கும் வழி, அவர்கள் இளைப்பாறும் நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று எச்சரித்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மூன்றும் பொது இடங்கள் என்பது கருதத்தக்கது. பிறருக்குத் தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற நபிமொழியை ஃபகீஹுகள் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாக அமைத்துக்கொண்டனர்.

நகரங்கள் பெருகியபோது இந்நெறியைத் தெருவில் நின்று நடத்த 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி ஏற்பட்டார். அவருக்கு வழிகாட்டியாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய நூல், ரொட்டிக் கடைக்காரர் தம் அடுப்புக்கூடத்தின் கூரையை உயர்த்திக் கட்டி, புகை வெளியேற அகன்ற வழி வைக்கவேண்டும் என்கிறது. தண்ணீர் சுமப்போர் கரையோரத்து அழுக்கு நீரை முகவாமல் ஆற்றுக்குள் இறங்கி முகக்க வேண்டும் என்பதும் முஹ்தஸிபுகளுக்கான நூல்களில் காணப்படும் விதியாகும். பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரின் கட்டடத் தலைவராய் விளங்கிய இப்னு ராமீ, அண்டை வீட்டார் வழக்குகளைத் தொகுத்தபோது, ஹம்மாமின் புகை, தோல் பதனிடுமிடத்தின் துர்நாற்றம், ஆலைகளின் அதிர்வு ஆகியவற்றைத் தீங்கின் வகைகளாகப் பிரித்து ஆராய்ந்தார்.

மருத்துவர்களும் வாளா இருக்கவில்லை. பைத்துல் முகத்தஸில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த தமீமீ என்ற மருத்துவர், கெட்டுப்போன காற்றைச் சீர்செய்து நோயினின்று காத்துக்கொள்வது பற்றிப் பத்தாம் நூற்றாண்டிலேயே தனிநூல் இயற்றினார்.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நெஞ்சு பெருமிதம் கொள்கிறது. ஆயினும் பெருமிதத்தோடு நின்றுவிடாமல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வழக்குகள் எல்லாவற்றிலும் தீங்கு செய்தவனும் தீங்குற்றவனும் ஒரே தெருவில் வாழ்ந்தனர். புகை கண்ணைக் கரித்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. காழீ வேண்டுமானால் நடந்துபோய் நுகர்ந்து பார்த்துத் தீர்ப்பளிக்கலாம். நிறம், சுவை, மணம் என்ற மூன்று சாட்சிகளும் மன்றத்தில் கூப்பிட்ட குரலுக்கு வந்தன.

பாதரசத்தின் பாதை

அச்சாட்சிகள் எவ்வாறு வாயடைத்துப் போயின என்பதை அறிய, ஒரே ஒரு பொருளின் பின்னே சென்று பார்ப்பது போதும். அதுவே பாதரசம். அரபியில் இதனை 'ஸிஃபக்' என்பர்.

உலகில் மனிதன் இதுவரை பயன்படுத்திய பாதரசத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஸ்பெயின் நாட்டின் அல்மதேன் என்ற ஒரே சுரங்கத்திலிருந்து வந்தது. அப்பெயர் 'அல்-மஃதின்', அதாவது சுரங்கம், என்ற அரபிச் சொல்லின் திரிபு. ரோமர் தோண்டியதை நம்மவர் தொடர்ந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புவியியலறிஞர் இத்ரீஸீ, குர்துபாவுக்கு வடக்கேயிருந்த பாதரசச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்ததாக எழுதுகிறார். சிலர் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்தனர். சிலர் உருக்குவதற்கு விறகு சுமந்தனர். சிலர் பாதரசத்தை வடிக்கும் கலங்களைச் செய்தனர்.

அவர்கள் உழைப்பு எங்கே போயிற்று? அந்தலூஸின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 936 முதல் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனையில் பாதரசத் தொட்டி ஒன்று இருந்ததென்றும், அதை அசைத்தால் மண்டபம் முழுவதும் மின்னலடித்தது போல் ஒளிரும் என்றும் வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதியுள்ளார். அதற்கு முன்பே, கி.பி. 884 முதல் 896 வரை எகிப்தை ஆண்ட குமாரவைஹி, உறக்கமின்மைக்கு மருந்தாகத் தன் தோட்டத்தில் ஐம்பது முழச் சதுரத்தில் பாதரசக் குளம் அமைத்து, காற்றடைத்த தோல்மெத்தையை அதில் மிதக்கவிட்டு உறங்கினானாம். மக்ரீஸீ இதனை விரித்துரைக்கிறார். நம் அரசர்களின் ஆடம்பரத்தை மறைப்பதில் பயனில்லை.

மருத்துவ மேதை ராஸீ, தம்மிடமிருந்த குரங்கு ஒன்றுக்குப் பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்துக் கவனித்தார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்ததேயன்றி வேறு கேடு காணவில்லை என்று குறித்தார். அவர் கண்டது தவறன்று. நீர்மமாக விழுங்கிய பாதரசத்தின் பெரும்பகுதி உடலில் ஒட்டாமல் வெளியேறிவிடும். ஆனால் அதே பாதரசம் அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அவ்வாவிக்கு நிறமில்லை; மணமில்லை. மூச்சுவழி நுழைந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அது தாக்கும். கூர்ந்து நோக்குவதில் ராஸீக்கு நிகரானோர் சிலரே. அவருடைய கண்ணுக்கும் ஆவி தெரியவில்லை என்பதே நாம் இங்குக் கொள்ளவேண்டிய படிப்பினை.

நம் தமிழ்நாட்டுச் சித்தரும் பாதரசத்தை அறிந்திருந்தனர். ரசம் என்ற பெயரால் மருந்தில் ஆண்டனர். அவர்கள் கையாண்டது சிறு குகையில் அடங்கும் அளவு. சுரங்கத் தொழிலாளியைத் தவிர்த்தால், அந்நாளில் பாதரசத்தின் தீங்கு பெரும்பாலும் அதைத் தொட்டவனோடு நின்றது.

உயர்ந்த புகைபோக்கி

மாற்றம் விரைந்தது நிலக்கரியோடு. இலண்டனில் நிலக்கரிப் புகையைத் தடுக்க முதலாம் எட்வர்டு மன்னர் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆணையிட்டார். 1661இல் ஜான் எவ்லின் என்ற அறிஞர் இலண்டன் புகையைக் குறித்து மன்னருக்கு ஒரு நூலே எழுதிப் படைத்தார். ஆணையும் நூலும் பயன் தரவில்லை. நீராவி எந்திரம் வந்தபின் நிலக்கரியின் தேவை பன்மடங்காயிற்று. 1952 டிசம்பரில் ஐந்து நாள் இலண்டனை மூடிய புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அத்தொகையை 12,000 வரை உயர்த்தின. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

ஆலைகள் கண்ட வழிகளுள் ஒன்று, புகைபோக்கியை இன்னும் உயர்த்துவது. ஷைஸரீ ரொட்டிக்கடைக்குச் சொன்ன யோசனையைப் போலவே இது தோன்றும். ஆனால் ரொட்டிக்கடையின் புகை கூரைக்கு மேலே கலைந்துபோனது. மின்நிலையங்களின் கந்தகப்புகையோ கடலைத் தாண்டிச் சென்றது. சுவீடன் நாட்டு ஏரிகளில் மீன்கள் மடிவதற்கு அயல்நாட்டுப் புகையால் அமிலமான மழை காரணம் என்று அந்நாட்டு அறிஞர் ஓடேன் 1967இல் எடுத்துரைத்தார். ஊரின் மூக்கைக் காப்பாற்றினார்கள். அடுத்த நாட்டின் ஏரியைப் பலிகொடுத்தார்கள். தீங்கு செய்தவனும் தீங்குற்றவனும் ஒரு தெருவில் வாழ்ந்த காலம் இவ்வாறு முடிந்தது.

மூன்றும் மாறாத நஞ்சு

பாதரசம் தன் முழுக்கொடுமையைக் காட்டியது ஜப்பானில். மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவைக் குடாவில் விட்டது. நுண்ணுயிரும் சிறுமீனும் பெருமீனுமாகப் படிப்படியே அந்நஞ்சு செறிந்தது. முதலில் பூனைகள் பித்துப்பிடித்துச் செத்தன. 1956 மே மாதத்தில் நோய் முறையாக அறிவிக்கப்பட்டது. கைகால் நடுங்கி, பார்வை குன்றி, பேச்சு குழறி மீனவர் பலர் மாண்டனர். தாயின் வயிற்றிலிருந்த சிசுக்களும் ஊனமுற்றுப் பிறந்தன. அம்மக்கள் உண்ட மீன் அழுகியதன்று. அன்று பிடித்த புதுமீன்.

அடுத்த அடி இராக்கின்மேல் விழுந்தது. வறட்சிக்குப்பின் 1971இல் அந்நாட்டு அரசு விதைக்காக வெளிநாட்டுக் கோதுமையும் வாற்கோதுமையும் இறக்குமதி செய்தது. விதை பூசணம் பிடிக்காதிருக்க அதில் மீதைல் பாதரசம் பூசப்பட்டிருந்தது. மூட்டைகளின்மேல் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அது அரபியில் இல்லை, ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அடையாளத்துக்காகத் தானியத்துக்குச் செந்நிறமும் ஏற்றியிருந்தனர். கழுவியதும் நிறம் போயிற்று. நிறம் போனால் நஞ்சும் போயிற்றென்று எண்ணி மக்கள் ரொட்டி சுட்டு உண்டனர். 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அங்கு இறந்தவர் 459 பேர் என்பது அரசின் கணக்கு.

இச்செய்தியைப் படித்தபோது நாம் திகைத்துப்போனோம். நிறம் நீங்கினால் தூய்மை மீளும் என்பது நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் மனத்தில் ஊறிய அறிவு. அதனை நம்பிய ஏழை விவசாயி தன் மக்களுக்குத் தன் கையாலேயே நஞ்சூட்டினான்.

கொடைக்கானலில்

இனி நம் மலைக்கு வருவோம். கொடைக்கானல் நகரம் 1845இல் அமெரிக்க மிஷனரிகள் வெப்பத்துக்கு அஞ்சி வந்து குடியேறிய இடம். 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து அங்கே ஏரியை அமைத்தார். நல்ல காற்றுக்கும் நல்ல நீருக்கும் பேர்பெற்ற அவ்வூருக்கு, 1980களின் தொடக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து பாண்ட்ஸ் நிறுவனம் அதனை இங்கு மாற்றியது. 1987இல் யூனிலீவர் குழுமம் அந்நிறுவனத்தை வாங்கியது. 1998இல் அது இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்யப்பட்ட தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குச் சென்றன. வேலை மட்டும் நம் மக்களுடையது.

தெர்மாமீட்டர் மானிடர்க்கு நன்மை செய்த கருவி. 1714இல் ஃபாரன்ஹீட் பாதரசத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்த நாள் முதல் அது காய்ச்சலை அளந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. குழந்தையின் உடல் சுட்டால் நாமும் அதனைத்தான் தேடினோம். நன்மைக்காகச் செய்யப்படும் பொருளும் செய்யுமிடத்தில் தீங்கு விளைக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

2001 மார்ச் 7ஆம் நாள், கொடைக்கானல் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தினரும் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த ஒரு பழைய சாமான் கடையைச் சுட்டிக்காட்டினர். அங்கே, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்தது. அதே மாதம் தொழிற்சாலை நின்றது. தொழிற்சாலையின் எல்லையை ஒட்டிக் கிடப்பது பாம்பாறு சோலை. அதன் நீர் கும்பக்கரை வழியே பெரியகுளத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவும் பொருள்களும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஹைதராபாத் அறிவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. ஏரி அன்றும் நீலமாகத்தான் இருந்தது. உல்லாசப் பயணிகள் படகு விட்டுக்கொண்டுதான் இருந்தனர்.

கண்ணாடிச் சில்லுகளை விற்றது தன் விதிகளுக்கே மாறானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் தொழிலாளரின் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்றே கூறிவந்தது. தொழிலாளர் விடவில்லை. 2015இல் சென்னைப் பாடகி சோபியா அஷ்ரஃப் பாடிய பாடல் இவ்வழக்கை உலகம் முழுதும் கேட்கச் செய்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு ஏற்பட்டது. எஞ்சிய மண்ணைத் தூய்மைப்படுத்தும் அளவு பற்றிய வாதம் அதன்பின்னும் தொடர்ந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம்வரை இருக்கலாம் என்று வகுத்தபோது, சோலையும் நீரும் சூழ்ந்த மலைக்கு அது போதாது என்று சூழல் காப்போர் வாதிட்டனர். கற்பதுக்கை மக்கள் எறிந்ததை மண் தின்றுவிட்டது. பாதரசத்தை மண் தின்பதில்லை. அது ஒரு தனிமம், அழுகி அழியாது. ஆவியாகவும் வண்டலாகவும் மீனாகவும் இடம் மாறுமேயன்றி இல்லாமற் போகாது.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை எழுதியதைப் படிக்கும் வாசகர், அயல்நாட்டாரின் பேராசைக்கு நம் மலை இரையாயிற்று என்று கூறி ஏட்டை மூடிவிடலாம். அவ்வாறு மூடிவிட நம் மனச்சாட்சி இடம் தரவில்லை. ஏனெனில் மலையிலிருந்து இறங்கினால் வருவது திண்டுக்கல். கீழ்ப்பழனி மலையில் பிறக்கும் கொடகனாற்றின் படுகையில், திண்டுக்கல்லைச் சுற்றி ஏறத்தாழ 80 தோல் பதனிடும் ஆலைகள் இயங்கியதை நிலத்தடி நீராய்வுகள் குறிப்பிடுகின்றன. திண்டுக்கல்லிலும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய பாலாற்றங்கரை ஊர்களிலும் தோல் ஷாப்புகளை வளர்த்தவருள் பெரும்பாலோர் யார் என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

அத்தொழில் நம் சமூகத்துக்குச் செய்த நன்மை பெரிது. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற நிலையங்கள் தோல் வணிகரின் கொடையால் தழைத்தவை. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் அப்பணத்தால் எழுந்தன. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்டனர். இப்னு ராமீ கூறும் துர்நாற்றம் அப்போதும் இருந்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் தீர்ந்தது. 1972இல் சீதாராமையா குழு அமைந்து, அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின், முழுப்பதனீடு பெருகியது. குரோமிய உப்பும் பெருகியது. பட்டையின் நாற்றம் குறைந்தது. உப்பும் குரோமியமும் ஓசையின்றி நிலத்துக்குள் இறங்கின. தென்னையும் நெல்லும் கருகியபோதுதான் கிணற்றுக்காரன் அறிந்தான்.

வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றுப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் அதில் இடம்பெற்றன. மாசுபடுத்தியவனே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியும், தீங்கு உறுதிப்படும்வரை காத்திராமல் முன்னரே தடுக்கவேண்டும் என்ற நெறியும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நீதிபதிகள் அறிவித்தனர். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மக்களின் இழப்பீடு குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தீங்கும் கூடாது, எதிர்த்தீங்கும் கூடாது என்ற நபிமொழியை மனனம் செய்த சமூகத்துக்கு இதனை நீதிமன்றம் எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்றே என்பது நம் வருத்தம். தண்ணீர்ப் பாடத்தை ஓதிக்கொடுத்த நாமும் அந்நாளில் கேட்கவில்லை. நம் மதரஸாவுக்கு வந்த நன்கொடையின் நிறத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

நம்பத்தகுந்த சாட்சி

ஆகவே நேர்ந்த மாற்றம் யாதெனில்: பண்டைய மாசு புலனுக்குத் தெரிந்தது, அண்டையில் நின்றது, நாளடைவில் நீங்கியது. இன்றைய மாசு புலனுக்குத் தெரியாதது, செய்தவனை விட்டு வெகுதொலைவு செல்வது, செய்தவன் இறந்தபின்னும் நிலைப்பது. திருமறையின் 'அர்ரூம்' அத்தியாயம் 41ஆம் வசனம், தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதரின் கைகள் தேடிக்கொண்டதாகவே கூறுகிறது. கைகளின் செயல் என்று கூறும் அவ்வசனம், அது கண்ணுக்குத் தெரியுமென்று நிபந்தனை விதிக்கவில்லை.

அப்படியானால் நிறம், சுவை, மணம் என்ற பாடம் பயனற்றதாகிவிட்டதா? இல்லை. முதலாவதாக, நஜீஸ் வேறு, நஞ்சு வேறு. ஒரு பொருள் நஜீஸன்றாயினும் உடலுக்குக் கேடு செய்யுமானால் அதனை உட்கொள்வது ஹராம் என்று அதே சட்டநூல்கள் வேறோரிடத்தில் கூறுகின்றன. அக்கவுஞ்சி நீரால் செய்த ஒளு செல்லும். அதைக் குடிப்பது வேறு செய்தி. இரண்டாவதாக, தண்ணீர்ப் பாடத்திலேயே நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு விதி உண்டு. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் அதனைக் குறித்துள்ளார்கள். நீர் அசுத்தமாகிவிட்டதென்று நம்பத்தகுந்த ஒருவர் அறிவித்து அதன் காரணத்தையும் விளக்குவாரானால், நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிடினும் அவர் சொல்லை ஏற்கவேண்டும். புலன் தோற்குமிடத்தில் சாட்சி வேண்டும். அச்சாட்சிக்கு நேர்மையும் வேண்டும், காரண அறிவும் வேண்டும். இன்றைய ஆய்வுக்கூடம் செய்ய வேண்டிய வேலை இதுவே.

எனவே நம் ஊர்களில் செய்யக்கூடியவை சில உள. பள்ளிவாசல் ஹவ்ளுக்கும் மதரஸாக் கிணற்றுக்கும் வரும் நீரை ஆண்டுக்கொரு முறை ஆய்வுக்கு அனுப்பலாம். அதற்காகும் பணம் ஒரு மீலாது விழாவின் அலங்காரச் செலவில் சிறுபகுதியே. நம் ஆலைகளில் வேலை செய்வோரின் உடல்நிலையை வெளியார் வந்து சோதிக்க இடம் தரலாம். இராக்கின் மூட்டைகளை நினைவில் வைத்து, மருந்து டப்பாவின் எச்சரிக்கையை விவசாயிக்கு வாசித்துக் காட்டலாம். உருளைக்கிழங்கு விதைக்கும் கரும்பு விதைக்கரணைக்கும் மட்டும் விலக்களித்து நம் நாட்டில் நெடுங்காலம் அனுமதிக்கப்பட்ட பாதரசப் பூசணக்கொல்லி ஒன்று 2018இல்தான் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. மினமாட்டா ஊரின் பெயரால் 2013இல் இயற்றப்பட்ட பாதரச உடன்படிக்கையில் இந்தியா உறுதிசெய்து சேர்ந்ததும் அதே 2018இல்தான். உருளை விளையும் மலையூர்கள் இச்செய்திகளைத் தமிழில் கேட்கும் உரிமை உடையவை.

கவுஞ்சியின் அந்த முதியவர் எழுதப்படிக்கத் தெரிந்தவரா என்று நாம் கேட்கவில்லை. ஆனால் இமாம் நவவீ அவர்கள் விதித்த இரண்டு நிபந்தனைகளும் அவரிடம் நிறைவேறின: உண்மையைச் சொன்னார், காரணத்தையும் சொன்னார். தம் மலையின் விளைச்சலுக்கு அஃது இழுக்கு என்று அவர் மறைக்கவில்லை. நாமும் அந்நீரைக் குடிக்கவில்லை. ஊர் திரும்பியதும் மறுநாள் பாடத்தில் நிறம், சுவை, மணம் என்று வழக்கம்போல் சொல்லிக்கொடுத்துவிட்டு, மேலே என்ன நடக்கிறதென்று தெரிந்தவரைக் கேட்கவும் வேண்டும் என்று மாணவர்களுக்குச் சேர்த்துச் சொன்னோம்.

தெரிந்ததைச் சொல்லும் துணிவையும், சொன்னதைக் கேட்கும் பணிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.